அரை மில்லிகிராம்

விமானம் இன்றும் இறங்கவில்லை.
ஃபியோர்டின் வாய்வரை வந்து
மலைகளுக்கு நடுவே ஒருமுறை சாய்ந்து
ரெய்க்யாவிக்குக்கே திரும்பிவிட்டது.
டாக்டர் ஹெர்டிஸ் அதில்தான் இருந்தார்.
மாதத்தில் ஒரு நாள், பதினோரு பிள்ளைகள்,
ஆளுக்கு இருபது நிமிடம்.
சோல்வியின் முறை இரண்டே காலுக்கு.

சட்டைப்பையில் கேள்வித்தாள் இருக்கிறது.
ஒன்று: எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ.
இரண்டு: இரவு மூன்று மணிக்குக்
குளிர்பதனப் பெட்டியின் வெளிச்சத்தில் நின்று
வெண்ணெய்க்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.
மூன்றாவதை எழுதி அடித்துவிட்டேன்.

நான் இந்த ஊரின் பனியை ஒதுக்குகிறவன்.
மாத்திரைக்கு முந்தைய குளிர்காலத்தில்
அவனைத் தூங்கவைக்க வழி தெரியாமல்
போர்வையோடு தூக்கிவந்து
பனிவண்டியின் பக்கத்து இருக்கையில் கட்டிவிடுவேன்.
துறைமுகத்திலிருந்து சுரங்கப்பாதை வரை
விளக்குக் கம்பங்களைக் கத்தி எண்ணுவான்.
அறுபத்து மூன்று.
ஒன்று பிசகினால் மறுபடி துறைமுகத்திலிருந்து.
டீசல் கணக்கில் நகராட்சிக்குப் பொய் எழுதினேன்.
அவ்வளவு சந்தோஷமாக
யாரும் எண்ணி நான் கேட்டதில்லை.

அதே வாய்தான்
தங்கையின் முழங்கையைக் கடித்தது.
உன்னூர் ஜூலையிலும் கம்பளிச் சட்டை போட்டாள்.
யார் கேட்டாலும்
எனக்குக் குளிருது என்பாள்.
ஐந்து வயது.
பள்ளியில் உடைந்த கண்ணாடிக்கு
ரசீது தபாலில் வந்தது.
அவன் தன் காதையே கிழித்துக்கொண்ட அன்று
ரத்தத்தை யார் துடைப்பதென்று
நானும் ஆல்வ்ரூனும் சண்டை போட்டோம்.

மீன் ஆலைக் காப்பி மேசையில் ஒருவன் சொன்னான்:
எங்கள் காலத்தில் இதற்குப் பெயர் குறும்பு,
இப்போது நோயாம், மருந்தாம்.
கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தேன்.
ஆல்வ்ரூன் வேறொன்று சொன்னாள்:
ஏழு வருடத்தில் முதல்முறையாக
கதவைத் தாழிட்டுக் குளித்தேன்.

மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டியில்
கத்தி ஒருநாளும் நட்டநடுவில் விழாது.
ஒருநாள் பெரிய பாதி, மறுநாள் சின்னது,
மிச்சம் தூள். அதையும் வழித்துத்
தயிரில் கலந்து கொடுக்கிறேன்.
பிறகு பகல் முழுக்க
இது எந்தப் பாதியின் நாள் என்று
அவன் முகத்தில் தேடுகிறேன்.

போன ஞாயிறு, வேலையில்லை,
ஒரு பாதியை நானே விழுங்கிப் பார்த்தேன்.
நாக்கு தடித்தது.
உன்னூர் எதையோ காட்டிச் சிரித்தாள்,
வேடிக்கையானது என்று தெரிந்தது,
சிரிப்பு மட்டும் வரவில்லை.
சாயங்காலம் ரொட்டி முழுவதையும் தின்றேன்.
தொலைபேசியில் டாக்டரிடம் ஒப்புக்கொண்டபோது
சற்று நேரம் பேச்சில்லை.
உங்களுடையது நாற்பத்து நான்கு வயது உடம்பு,
அவனுக்கு எப்படி இருக்கிறதென்று
அதைக் கேட்டால் தெரியாது.
பிறகு, மாத்திரைகளை
எண்ணிப் பூட்டி வையுங்கள் என்றார்.

இன்று அதிகாலை பசியில் விழித்திருந்தான்.
கூட்டிக்கொண்டு போனேன்.
ஜிப் பொருந்தாத கோட்டு,
கண்ணாடியில் ஒட்டிய கன்னம்.
அவன் எண்ணவில்லை, அதனால் நான் எண்ணினேன்,
வெட்கமாக, வானொலியைவிடக் குறைந்த குரலில்.
நாற்பத்தொன்றை வேண்டுமென்றே விட்டேன்.
திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன்.
துடைப்பான்கள் போய்வந்தன.
அறுபத்திரண்டு என்று சொல்லிச்
சுரங்கத்துக்குள் நுழைந்தோம்.

மறுபக்கம் வெளியே வந்தபின்,
நல்ல நேரம் கழித்து,
நாற்பத்தொன்று எரியல என்றான்.

வண்டியை ஓரம் கட்டினேன்.
உண்மையிலேயே எரியவில்லையா,
நான் பார்க்கவில்லை.
என் தவறைத் திருத்தினானா,
எனக்காகச் சமாதானம் சொன்னானா?
முன்பென்றால் திரும்பிப் போகச் சொல்லி
கூரை அதிரும்.
இப்போது கையுறையிலிருந்த பிஸ்கட்டை
பொறுமையாகத் தின்றுகொண்டிருந்தான்.

அடுத்த விமானம் வியாழக்கிழமை,
காற்று விட்டால்.
அதுவரை
கத்தி விழுகிற இடம்தான் அளவு.