இரண்டு ஸ்டேசனுக்கு நடுவிலை

முதல் அது ஒழுங்கை முகப்பு ட்ரான்ஸ்போமர் எண்டுதான் நினைச்சன்.
போய்க் கீழை நிண்டு பாத்தன்.
பேந்து பிரிட்ஜின்ரை வயரைக் கழட்டினன்,
இறால் முழுக்கப் பழுதாப் போச்செண்டு
அமலோற்பவம் ஒரு கிழமை கதைக்கேல்லை.

சத்தம் இடது காதுக்குள்ளை இருந்தது.

இருபத்தெட்டு வருசமாக் குருநகரிலை
அவுட்போர்ட் மோட்டார் திருத்திறன்.
கழட்டாமலே சொல்லுவன்:
இது காபரேட்டர்,
இது தண்ணி ஏறாமல் சூடாகுது.
பீப்பாத் தண்ணிக்குள்ளை இறக்கி ஸ்டார்ட் பண்ணி
முகத்தைக் கிட்டக் கொண்டு போவன்,
காய்ச்சல் பிள்ளைக்கு மூச்சுப் பாக்கிற மாதிரி.
இப்ப எனக்குள்ளை ஒண்டு ஓடுது.
எண்ணெய் விடத் தேவையில்லை.
மூடி எங்கை எண்டுதான் தெரியேல்லை.

பெரியாஸ்பத்திரியிலை
ஒரு பெட்டி அறைக்குள்ளை இருத்தி
கேக்கேக்கை பட்டனை அமத்தச் சொல்லிச்சினம்.
கேட்டதெல்லாம் என்ரைதான்.
எதுக்கு அமத்துறது?

மருந்தில்லை எண்டு சொன்னா அந்த இளம் டொக்டர்.
"வேறை ஒரு சத்தத்தைப் பக்கத்திலை வையுங்கோ.
இதை மூடிப் போடாதேங்கோ,
ஒரு நூல் கீழை நிக்கட்டும்."
விளங்கிச்சு.
ஐடிலிலை விடச் சொல்லுறா.

மருமகன் போனிலை மழை போட்டுத் தந்தான்.
எந்த நாட்டு மழையோ,
தகரத்திலை விழாத மழை.
நாலு நிமிசத்துக்கு ஒருக்கா
அதே தவளை.
ரெண்டு இரவு அந்தத் தவளையைக் காத்துக்கொண்டு முழிச்சுக் கிடந்தன்.

கடைசியிலை பழைய றேடியோ.
இரண்டு ஸ்டேசனுக்கு நடுவிலை முள்ளை நிப்பாட்டினால்
ஆரும் ஒண்டும் சொல்லாத ஒரு இடம் இருக்கு.
நாலு வீடு தள்ளி ஆரோ
மீன் பொரிக்கிற மாதிரி.
சில நாளிலை அக்கரைப் பாட்டொண்டு
உள்ளுக்கை வந்து
கால் நனைச்சிட்டுப் போகும்.
அங்கைதான் படுக்கிறன்.

நேற்று ரெண்டு மணிக்குக் கரண்ட் போச்சு.
இது தனிய எழும்பி நிண்டுது.
தலை முழுக்க வெறும் போத்தல் அடுக்கி
ஒவ்வொரு விளிம்பிலையும்
ஈர விரல் தேய்க்கிற மாதிரி.
நான் அசையேல்லை.

"றேடியோ நிண்டிட்டுது"
எண்டாள் அமலோற்பவம் இருட்டுக்குள்ளை.
அவளும் அதிலைதான் இவ்வளவு நாளும்
நித்திரை கொண்டிருக்கிறாள்.
நான் கேட்டதே இல்லை.

பேந்து கடல் பக்கம் ஒரு மோட்டார்.
ரெண்டாவது சிலிண்டர்
விட்டு விட்டு அடிக்குது.
"றெக்சனின்ரை" எண்டன்.
"பிளக்கோ?"
"பிளக்தான். பழசையே தேய்ச்சுத் தேய்ச்சுப் போடுறான், விசரன்."

அது மண்டைதீவுப் பக்கம் திரும்பும் மட்டும்
ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டு கிடந்தம்.
பிறகு கேட்டது
நான் மட்டும்.