நேற்றில் விழுந்த பந்து

பழைய டிரைவரின் முகத்தில் நகக்கீறல் போல ஒரு விரிசல்.
பனி உருகி மைதானம் திறந்த அன்றே பார்த்துவிட்டேன்.
யாரிடமும் சொல்லாமல்
மே முழுக்க அதனாலேயே அடித்தேன்.
இருபது மீட்டர் குறைந்தது.
வயசு என்றார்கள்.
ஆமாம், வயசு என்றேன்.

கடை ஔலுவில், காரில் இரண்டு மணி நேரம்.
வலைக்கு முன்னால் என்னை நிறுத்தினான் யோனத்தான்,
என் கடைசி மகளைவிடச் சின்னவன்.
ஏழு தலைகள், நான்கு தண்டுகள்.
கழற்றினான், மாட்டினான், அடியுங்கள் என்றான்.
அடித்தேன்.
திரையில் எண்கள் ஓடின: பந்தின் வேகம், எழும்பும் கோணம்,
நிமிடத்துக்கு எத்தனை சுற்று.
பனி உடைக்கும் கப்பலின் எஞ்சின் அறையில்
நாற்பது வருடம் இருந்தவன் நான்.
எண் என்றால் நம்பிவிடுவேன்.
எண்ணுக்குப் பின்னால் இருக்கும் இரைச்சலைத்தான்
காது எப்போதோ கைகழுவிவிட்டது.

கடினமான தண்டு உங்களுக்கு வேண்டாம் என்று
மரியாதையாகச் சொன்னான்,
பிடுங்கிவிடலாம் என்று பல் டாக்டர் சொல்வது போல.
இளகிய தண்டு. பத்தரை டிகிரி.
விலையைச் சொன்னபோது மட்டும்
அவன் உதட்டசைவு எனக்குப் பிடிபடவில்லை.
திரும்பக் கேட்டேன்.
மூன்றாம் தடவை எழுதியே காட்டினான்.

நடுக்கோடை இரவு.
எங்கள் மைதானம் இரண்டு நாடுகளில் கிடக்கிறது.
இந்தப் பக்கம் பின்லாந்தில் மணி பன்னிரண்டு என்றால்
நாலு எட்டு தள்ளி, சுவீடனில் பதினொன்று.
சூரியன் இந்தக் கணக்கில் தலையிடுவதில்லை.
விருந்து முடிந்தும் எழுந்து போகாத உறவுக்காரர் மாதிரி
மரங்களின் மேல் உட்கார்ந்திருந்தது.

முதல் அடி வலப்பக்கம், பிர்ச் மரங்களுக்குள்.
அதைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது
மூன்று பேரும் தோளைக் குறுக்கியது.
துவோவி காப்பிக் குடுவையைக் கீழே வைத்தாள்.
என்ன?
சத்தம், என்றது அவள் வாய்.
எப்படி?
யோசித்தாள்.
தேவாலயத்தில், பிரசங்கத்துக்கு நடுவே,
யாரோ பானை மூடியைப் போட்டது போல.
இல்லை, தகர டப்பாவுக்குள் நரி தும்மியது போல என்றார் பென்த்தி.
யோரான் சுவீடன்காரர். நன்றாக இருக்கிறது என்றார்.
அதாவது, இன்னும் மோசம்.

மூன்றாம் குழி வலப்பக்கம்.
நான்காம் குழியும்.
பையில் ஒரு குட்டிச் சாவி, டிரைவரோடு இலவசம்.
போட்டி என்றால் நடுவில் திருக விதி ஒத்துக்கொள்ளாது.
இது போட்டியில்லை, கொசுக்களுக்குப் பந்தி.
கப்பலில் ஒரு வழக்கம் உண்டு:
ஒன்று சரியில்லையா, ஒரே ஒரு திருகைத் தொடு,
பிறகு காத்திரு.
நான் மூன்றைத் தொட்டேன்.
பந்து இப்போது இடப்பக்கம், சதுப்பில்.
ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல் என்று
பென்த்தி சொல்லவில்லை.
சாவியைப் பார்த்தார், அவ்வளவுதான்.

விரிசல் விழுந்ததும் பையில்தான் இருந்தது.
அதன் உறை மேல் கை போனது.
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

எல்லையைத் தாண்டி அடிக்க வேண்டிய குழி.
மணி பன்னிரண்டு பத்து.
திருகியதை எல்லாம் திருப்பி
யோனத்தான் வைத்த இடத்திலேயே வைத்தேன்.
அடித்தேன்.

கையில் ஒன்றும் தெரியவில்லை.
நல்ல அடிக்கு அதுதான் அடையாளம், கை சும்மா இருக்கும்.
தோள்கள் மூன்றும் குறுகின.
பந்து வானத்தில் சின்னதாகி
எல்லைக்கு அப்பால், பதினொன்று பத்துக்கு,
நேற்றில் போய் விழுவதற்குள்
அந்தப் பக்கத்துப் புல்லிலிருந்து இரண்டு ஆட்காட்டிகள்
அடித்துப் பிடித்து எழும்பின,
அலகு திறந்து, மூடி, திறந்து.

என் டிரைவரின் சத்தத்தை
நான் கேட்டது அப்படித்தான்.

குழியை ஆறில் முடித்தேன்.
இரண்டாம் அடியைத் தண்ணீரில் விட்டது வேறு மட்டை.
அதற்கு யாரும் எண் கேட்கவில்லை.

குட்டிச் சாவி இப்போது பென்த்தியின் சட்டைப்பையில்.
திருப்பிக் கேட்டால்
காது கேட்காதவர் போல நடிக்கிறார்.