வாகன வரிப் பிரிவிலிருந்து

இரவு பதினொன்றுக்குத் தொலைபேசி.
நாளை அலுவலகம் வேண்டாம்,
பன்னிரண்டரைக்குப் பேருந்து என்றார்கள்.
வாகன வரிப் பிரிவில் முத்திரை குத்துகிறவள் நான்.
பக்கத்து இருக்கையில் நூலகத்து ஹிதகா,
பின்னால் சாலைத் துறை முழுதும்.
மியாசாகி மலைப்பாதையில் யாரும் பேசவில்லை.
கோழித் தூக்கம் என்பார்களே, அதுதான்.

சுண்ணாம்பு தூவிய சாலை
பனி விழுந்ததுபோல் கிடந்தது.
இந்தப் பக்கம் பனி அபூர்வம்.

வெள்ளை உடைக்குள் யார் யாரென்று தெரியாது.
அதனால் முதுகில் பெயர் எழுதினார்கள், தடித்த மையால்.
கையுறை இரண்டு அடுக்கு,
மணிக்கட்டைச் சுற்றி ஒட்டுநாடா.

எங்களுக்கு மூன்றாம் கொட்டகை.
முதல் இரண்டில் ஆட்கள் அதிகம் தேவைப்படவில்லை,
காய்ச்சலே முடித்துவிட்டிருந்தது.
இங்கே இன்னும் கொண்டை சிவப்புதான்.
கோடியில் மட்டும் நாலைந்து
கழுத்து திருகி விளக்கைப் பார்த்தபடி.
தீவனப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது.
நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

கூண்டைத் திற.
கால் இரண்டையும் சேர்த்துப் பிடி.
வாளிக்குப் பத்து. மூடு.
ஹிதகா குழாயைத் திருப்புவாள், வாயு சீறும்.
தகரத்தில் மழை விழுவதுபோல் உள்ளே ஒரு சத்தம்.
பிறகு அதுவும் இல்லை.

ஒரு மணி நேரத்தில் எண்ணுவதை விட்டேன்.
எண்ணுவதற்கென்றே ஒருவர் இருந்தார்,
பலகையில் கோடு கோடாக.

நாலு மணி இருக்கும்.
பிடித்த கோழி கையிலேயே முட்டையிட்டது.
இரண்டு உறைகளையும் தாண்டி அந்தச் சூடு.
"இதை எந்தப் பத்தியில் எழுதுவது?" என்றேன்.
ஹிதகா சிரித்தாள். அல்லது அழுதாள்.
முகமூடிக்குள் இரண்டும் ஒரே சத்தம்.
முட்டை பைக்குள் போயிற்று.
பையில் போடத்தான் சொல்லியிருந்தார்கள்.

விடிந்து வெளியே வந்தபோது
வாசலில் பண்ணைக்காரர் நாகதோமோ
குழு மாறும்போதெல்லாம் குனிந்து வணங்கினார்,
உங்களுக்குச் சிரமம் என்று.
பதிலுக்கு என்ன சொல்வதென்று கையேட்டில் இல்லை.
திரும்பும் வழியில் தேடியும் பார்த்தேன்.
நான் குனிந்தேன்.
அவர் இன்னும் தாழக் குனிந்தார்.

திங்கட்கிழமை லாரிக்கு வரி கட்ட வந்தவர்
"முட்டை விலை ஏறிப்போச்சே" என்றார்,
சில்லறையை ஒவ்வொன்றாக வைத்தபடி.
ஆமாம் என்றேன்.
முத்திரையை மையில் ஒற்ற நீட்டினேன் கையை.
ஒட்டுநாடா உரித்த இடத்தில்
மயிர் பிடுங்கிய தோலாய் ஒரு வளையம்.
சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு
குத்தினேன்.