மயிரிழை
மீர்கூர், 1871

சைபீரியாவிலிருந்து வால்மயிர் வரும் ரயிலையெல்லாம்
நீங்களே மறித்து வைத்திருக்கிறீர்கள்.
பிறகு என்னிடம் வந்து வெள்ளை மயிர் கேட்டால்
நான் எங்கே போவேன் கேப்டன், என்றேன்.
வெடிகே தொப்பியைக் கழற்றினான்.
வயலின் வில்லை மேசைமேல் வைத்தான்.
பாதி மயிர் உதிர்ந்து, மீதி எண்ணெய் பிடித்திருந்தது.
"என் குதிரை வெளியே நிற்கிறது. வெள்ளைதான்."

ஆண்தானே, என்று கேட்டேன்.
அதனால் என்ன, என்றான்.
பெட்டை பின்னால் பெய்து
தன் வாலைத் தானே மஞ்சளாக்கிக்கொள்ளும், என்றேன்.
பிரஷ்யக் காதுகள் சிவப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

வாலின் உட்புறத்தில் கத்தரித்தேன்.
குதிரையின் பெயரைச் சொன்னான்,
என் வாயில் அது நிற்கவில்லை.
நூற்றைம்பது இழை வேண்டுமென்றால்
நானூறு வெட்ட வேண்டும்.
சவுக்காரத்தில் அலசி, நிழலில் உலர்த்தி,
ஒவ்வொன்றாய் விரலிடையே உருட்டி
நெளிந்ததைத் தள்ளு, பிளந்ததைத் தள்ளு.
அந்த வேலைக்கு மூன்று இரவுகள்.
மூன்று இரவுகளும் ஒரே யோசனை.

மயிர் ஈரத்தில் நீளும், வறட்சியில் சுருங்கும்.
கால் விரற்கடை குறைத்து முடிந்தால்
இன்றைக்கு ஒன்றும் தெரியாது.
வெளியே பனியும் ஈரமும்.
அவன் ஊரில், அடுப்பு எரியும் ஒரு கூடத்தில்
திருகை எவ்வளவு தளர்த்தினாலும் தளராமல்
மயிர் இழுக்கும், இழுத்துக்கொண்டே இருக்கும்.
விருந்தாளிகள் மேசையில் இருக்கும்போது
பெட்டிக்குள் 'டக்'.
வில்லின் தலை தனியே.

என் தம்பி ஆன்செல்ம் கிராவெலோத்தில் கிடக்கிறான்.
எந்தக் குழியில் என்று கடிதத்தில் இல்லை.

நான்காம் நாள் பழைய மயிரைக் கழற்றினேன்.
குச்சியில் பாரிஸ் கடைக்காரரின் பெயர்
சூட்டுமுத்திரையாய், கம்பீரமாய்.
தலையின் குழியிலிருந்து ஆப்பைத் தோண்டி எடுத்தேன்.
உள்ளே, இடப்பக்கச் சுவரில்
நகக்கண் அளவு உளிச் சறுக்கல்,
பசையில் குழைத்த மரத்தூளால் அடைத்தது.

அறுபத்திரண்டு, மார்ச்.
எனக்கு எட்டாம் மாதம், வயிறு மேசையில் இடித்தது,
கை சறுக்கியது.
குச்சிக்கு இவ்வளவு என்று கொடுத்து
மூட்டையாய்க் கட்டிப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள்.
மரம் பிரேசிலிலிருந்து,
துணிக்குச் சாயம் ஏற்ற வந்த மரம்.
கரிநெருப்பில் வாட்டி வளைக்கையில்
முதலில் முரண்டும், பிறகு ஒரு நொடியில்
சரி என்று சொல்லும்.
தூள் ஒட்டிய கையில் சவுக்காரம் பட்டால்
கருஞ்சிவப்பு.
அந்த வருடம் நான் துவைத்ததெல்லாம் சிவந்தது,
லெயோனியின் முதல் சட்டைகூட.

சரியான நீளத்தில்தான் முடிந்தேன்.
நுனியைச் சுட்டு, முடிச்சைக் குழியில் இறக்கி,
புது ஆப்பை அறைந்தேன்.
மன்னிப்பா? அதற்கு வேறு இடம் பாருங்கள்,
கோயில் எதிரில்தான் இருக்கிறது.

வந்தான். பிசின் தேய்த்தான். வாசித்தான்.
என் கையை விட்டுப் போன குச்சி எதுவும்
அதுவரை என் காதுக்குத் திரும்பியதில்லை.
தாழ்ந்த கம்பியில் ஒரு நீண்ட இழுப்பு,
கடைசிவரை நடுங்கவில்லை.
அது குச்சியின் கெட்டித்தனம்.
அவன் சுமாராகத்தான் வாசித்தான்.

"பாரிஸ் வேலைக்கு ஈடே இல்லை அம்மா," என்றான்.
ஆமாம், என்றேன்.
இரட்டைக் கூலி வாங்கினேன்.

ஜூலையில் சந்தைச் சதுக்கத்து நீரூற்றருகே
அந்த வெள்ளைக் குதிரையைக் கட்டியிருந்தார்கள்.
ஒரே ஈ.
நான் கத்தரித்த பக்கம் மெலிந்த வால்
வீசும், எட்டாது, மறுபடி வீசும்.
கையில் ரொட்டிக் கூடை இருந்தது.
அதை மூடியிருந்த துணியை எடுத்து
இரண்டு முறை விசிறினேன்.
யாரும் பார்க்கவில்லை
என்றுதான் நினைக்கிறேன்.