வணிகமா, அன்பளிப்பா

எல்லைச் சாவடியில் அவள் கேட்டாள்:
"வண்டியில் என்ன?"
"பருப்பு. இருபத்தாறு டன். சிவப்பு."
"வேறு?"

வேறு என்று சொன்னால்
இருக்கைக்குப் பின்னால்
மடித்துக் கிடந்தது அது.
பழைய போர்வை என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.
பதினோரு மாதம் மடியில் வைத்திருந்ததைப்
பழசு என்று சொல்ல
வாய் வரவில்லை.
"நான் தைப்பது" என்றேன்.

மூஸ் ஜாவில் சரக்கேற்ற
நாலு மணிநேரக் காத்திருப்பு.
மற்றவர்கள் தூங்குவார்கள்,
போனில் சீட்டாடுவார்கள்,
முன்னாள் மனைவியோடு சண்டை பிடிப்பார்கள்.
நான் விளக்கைக் கிட்டே இழுத்து
ஊசிக் காதைத் தேடுவேன்.
நட்டு முறுக்கிய கட்டைவிரல் இது,
பனியில் டயருக்குச் சங்கிலி மாட்டியது.
நூலை நாக்கில் நனைத்து, முறுக்கி,
நுழைக்கும் அந்த நொடியில்
மூச்சு விட மறந்துபோகும்.
நுழைந்துவிட்டால்
பதினெட்டுச் சக்கரமும்
ஊசிக் காதைத் தாண்டிவிட்ட மாதிரி.

யாரும் கற்றுத் தரவில்லை.
ஒரு புயலில் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
கிழிந்த ஜீன்ஸுக்கு ஒட்டுப்போட உட்கார்ந்தேன்.
ஒட்டு முடிந்தது,
கை நிற்கவில்லை.

அப்புறம் துணிக்கு அலைந்தேன்.
வெய்பர்ன் மோட்டலில் கேட்டு வாங்கிய திரைச்சீலை.
அக்கா கல்யாணத்தில் என் கழுத்தை நெரித்த டை
(கத்தரி வைத்தபோது என்ன ஒரு சுகம்!).
ஆரஞ்சுப் பாதுகாப்புச் சட்டை ஒன்று:
எதிரே விளக்கு வந்தால்
போர்வை கண் சிமிட்டும்.
முக்கோணம் முக்கோணமாய் வெட்டி அடுக்கினால்
பறக்கும் வாத்துகள்.
அறுபத்துநாலு வாத்துகள்.
ஓரமெல்லாம் சாலைகள்;
ஓடுகிறவனுக்கு ஓடுதையல்,
பனி நாள் வந்தால் சங்கிலித் தையல்,
காப்பி நன்றாயிருந்த ஊருக்கு
ஒரு முடிச்சு.
முடிச்சுகள் மொத்தம் ஏழுதான்.

"விற்பனைக்கா?"
"இல்லை."
"அன்பளிப்பா?"
"இல்லை."
"பிறகு யாருக்கு, மிஸ்டர் ஹ்ரின்ச்சிஷின்?"

அவள் திரையில் இரண்டே கட்டங்கள்.
யாருக்கு?
இத்தனை மாதத்தில்
நானே என்னைக் கேட்காத கேள்வி.
குளிர் எனக்கு உண்டு, ஆனால்
குளிருக்காகத் தைத்ததில்லை.
கடையில் முப்பது டாலருக்கு
இதைவிடக் கனமாய்க் கிடைக்கும்.

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
அவள் கையுறையைக் கழற்றினாள்.
துணியைத் தடவின விரல்களில்
நடுவிரல் நுனி மட்டும்
பொடிப்பொடியாய்ப் புள்ளி விழுந்து
தோல் தடித்திருந்தது.
அந்த விரலை எனக்குத் தெரியும்.
என்னிடமும் ஒன்று உண்டு.

"இந்த ஒரு வாத்து மட்டும்
எதிர்த்திசையில் போகிறதே?"
"தெரியும்.
வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தது."
"பிரித்துத் தைத்திருக்கலாமே."
"பிரித்தேன், மூன்று தடவை.
மூன்று தடவையும் திரும்பிக்கொண்டது."

அவள் சிரிக்கவில்லை.
தைப்பவர்கள் இதற்குச் சிரிப்பதில்லை.

"சொந்த உபயோகம்" என்று தட்டினாள்.
"மதிப்பு?"
மணிக்கணக்கைப் பெருக்கினால்
பின்னால் இருக்கும் பருப்பையே மிஞ்சும்.
"பூஜ்யம் போடுங்கள்" என்றேன்.
"என் விரல் அதைப் போடாது" என்று
ஐந்து டாலர் எழுதினாள்.
மடிக்கையில் நல்ல பக்கத்தை உள்ளே வைத்து,
மடிப்பை இடம் மாற்றி மடித்தாள்,
ஒரே கோட்டில் துணி நையாதபடி.
சட்டையில் பெயர்: ஆர். ட்வெட்.
அதற்கு மேல் தெரியாது.

கென்மேருக்கு இப்பால்
வண்டியை ஓரங்கட்டினேன்.
ஏப்ரல். மேலே
அசல் வாத்துகள் வடக்கே இரைந்துகொண்டு போயின.
நான் எண்ணவில்லை.
திரும்பிய வாத்துக்கு மட்டும்
கறுப்பு நூலில் ஒரு கண் வைத்தேன்,
போகிற இடம் தெரிய வேண்டாமா?
ஊசியில் மிச்சம் ஒரு சாண் நூல் இருந்தது.
வீணாக்குவானேன் என்று
இன்னொரு கண்ணும்.