டிரக்கின் சிரிப்பை மூடியது

யார்க்டனுக்கு வடக்கே எங்கள் ஊரில்
ஒரே வருஷத்து, ஒரே மெரூன் நிறத்து டிரக் இரண்டு.
ஒன்று என்னுடையது.
மற்றது மெர்வின் பிட்ஸ்கால்னியுடையது.
எதிர்வெயிலில் இரண்டும் ஒரே மாதிரி பல்லிளிக்கும்:
கிரில் முழுக்கக் குரோம்,
அதன் நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னம்,
கதவு இரண்டிலும் கம்பெனியின் பெயர்,
அதுவும் குரோமில்.
வாங்கிய அன்று எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

மெர்வின் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று
மெர்வினைவிட எனக்குத் தெரியும்.
விதைக்கடைப் பாக்கி,
டயர்க்கடைப் பாக்கி,
கர்லிங் கிளப் கூரைக்கென்று பிரித்த பணம்
அவன் சட்டைப்பையில் ஏப்ரல் பனியாய்க் காணாமல் போனது
எல்லாம் என் ஜன்னலைத் தட்டித்தான் கேட்கப்பட்டன.
குனிந்து பார்ப்பார்கள்.
"ஓ, நீயா ஓர்வல்."
நான் கடன்படாததுதான் குற்றம் என்பதுபோல
சலிப்போடு நிமிர்வார்கள்.

டிரக்கை விற்றுத் தொலை என்றாள் வெர்னா.
இன்னும் பத்தொன்பது தவணை இருக்கிறது.

மே மாதம், மழை,
விதைப்புக்கு நிலம் காயாத ஒரு சனிக்கிழமை
கராஜில் கிரிலைக் கழற்றினேன்.
பன்னிரண்டு கிளிப். ஐந்து உடைந்தது.
உள்ளே போன கோடையின் வெட்டுக்கிளிகள்,
ஒரு பட்டாம்பூச்சியின் பாதி.
சோப்பு, பிறகு உப்புத்தாள்:
முதலில் முன்னூற்றிருபது, அப்புறம் அறுநூறு.
தேய்க்கத் தேய்க்க அந்தச் சிரிப்பு மங்கி
பல்வலிக்காரன் முகம்போல் ஆனது.
மேட் கறுப்பு முதல் பூச்சு வழிந்தது.
அவசரம், என் தப்பு.
இரண்டாவது பூச்சில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.
எடுக்கப் போனால் பெயிண்டும் வரும்.
விட்டுவிட்டேன்.
இடமிருந்து மூன்றாவது கம்பியில்
இப்போதும் இருக்கிறது, இறக்கையோடு, கறுப்பாக.

கதவின் எழுத்துக்கு வெர்னாவின் ஹேர் டிரையர்,
பைக் மீனுக்கு வைத்திருந்த தூண்டில் நரம்பு.
பசை இளகியதும் நரம்பைப் பின்னால் கொடுத்து
இழுத்து இழுத்து அறுக்கவேண்டும்.
ஒவ்வொன்றாய் விழுந்தன, தகரச் சத்தத்தோடு.
அடியில் பார்த்தால்
ஏழு வருஷம் வெயில் படாத மெரூன்.
அதே எழுத்து, அதே வரிசை,
நான் வாங்கிய நாளின் நிறத்தில்.
பெயரை எடுத்த இடத்தில் பெயர் இருந்தது.
பாலிஷ் போட்டு இரண்டு மணிநேரம் தேய்த்தும்
அருகில் வந்தால் படிக்கலாம்.

திங்கட்கிழமை ஊருக்குள் போனேன்.
எங்கள் பக்கம் எதிரில் வருகிறவனுக்கு
ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல்
ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவது வழக்கம்.
நாற்பது வருஷமாக எண்ணாமல் வாங்கிக்கொண்டிருந்தேன்.
அன்று ஒன்றுகூட விழவில்லை.
தானியக் கிடங்கில் என்னை
ரெஜைனாவிலிருந்து வந்த வரி ஆபீசர் என்று
கேட்டை இழுத்துச் சாத்தினார்கள்.
வீட்டுக்கு வந்தால் என் நாயே குரைத்தது.

புதன் மாலை, சரளைச் சாலையில்
தூரத்தில் ஒரு வெளிச்சம் இளித்துக்கொண்டு வந்தது.
மெர்வின்.
வழக்கமாக என்னைப் பார்த்தால்
வயலில் ஏதோ தேடுவதுபோல் திரும்பிக்கொள்வான்.
இப்போது நேராகப் பார்த்தான்.
இந்த வட்டாரத்திலேயே
அவன் ஒரு காசும் தரவேண்டியிராத ஒருவன் வருகிறான் என்று நினைத்திருப்பான்.
விரலை உயர்த்தினான்.
ஒன்றல்ல, நாலு விரல்,
முழுக் கையும் என்றே சொல்லலாம்.
மீசைக்குக் கீழே பல் தெரிந்தது.

என் விரல் தானாக எழுந்தது.
நகத்தோரம் இன்னும் கறுப்பு போகவில்லை.

டெயில்கேட்டின் குரோம் மட்டும் பாக்கி.
ஹேர் டிரையரை வெர்னா எங்கோ ஒளித்துவைத்துவிட்டாள்.