பதினொன்றுக்குக் கீழே

அரூரில், எக்ஸ்ரே அறையை ஒட்டி
எனக்கு ஒரு மேசை, ஒரு மின்விசிறி,
பூட்டுப் போட்ட ஃபிரிட்ஜ்.
சர்க்கரை நோய்க்குப் புது மாத்திரை.
இன்னும் பெயர் வைக்கவில்லை, எண்தான்.
சம்மதப் படிவம் பத்தொன்பது பக்கம்.
"பாதகமான விளைவுகள்" என்று அச்சடித்திருக்கும்;
"ஒத்துக்காமப் போனா" என்று நான் சொல்வேன்.

தீர்த்தம்மாள் சித்தேரியிலிருந்து
முதல் வண்டியில் வந்திருந்தார்,
வெறும் வயிற்றோடு. அதுவும் நான் சொன்னதுதான்.
பத்தொன்பது பக்கமும் கேட்டார்.
ஏழாவதில் கையமர்த்தி,
"நடுவுல வேணாம்னா உட்டுடலாமா?"
விடலாம் என்றேன்.
"கோவிச்சுக்க மாட்டீங்களே?"
இதற்குப் படிவத்தில் வரி இல்லை.
மாட்டேன் என்றேன்.

ரத்தம் எடுத்து, மதியம் முடிவு வந்தது.
எட்டு புள்ளி நாலு.
ஹீமோகுளோபின் பதினொன்றுக்குக் கீழே இருந்தால்
சேர்க்கக் கூடாது.
அவர் நலனுக்காகத்தான், பொய்யில்லை.
இந்த மாதம் மலையிலிருந்து இறங்கிய
பதினாறு பெண்களில்
பன்னிரண்டு பேரின் நலனுக்காக.

"அப்போ இந்த மாத்திரை எங்களுக்கு இல்லியா?"

அப்படியில்லை,
நாளைக்குக் கடைக்கு வந்துவிட்டால்
உங்களுக்கும் எழுதித் தருவார்கள் என்றேன்.
சொன்ன பிறகுதான்
என் காதில் விழுந்தது.

அவர் காதில் விழுந்ததா, தெரியவில்லை.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
பஸ் டிக்கெட்டை நீட்டினார்.
பயணப்படி: டிக்கெட்டில் உள்ள தொகை.
மகளிர் டிக்கெட்.
பூஜ்யம்.

இதே ஆய்வுக்கு, இதே எண் மாத்திரைக்கு
பெங்களூரில் டாக்சி பில் வைக்கிறார்கள்,
சாப்பாட்டுக்கு ஐந்நூறு.
படிவம் ஒன்றுதான். பக்க எண்கூட மாறவில்லை.
சாமை அறுப்பில் ஒரு நாள் கூலி போனதை எழுத
அங்கேயும் கட்டம் இல்லை,
அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முந்நூறு கொடுத்தேன், என் பையிலிருந்து.
விதிமீறல், தெரியும்.
நாலு இட்லியையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும்.
இரும்புச்சத்து மாத்திரைக்கு
எதிர்க் கட்டடம் வரை கூடவே போனேன்.
வரிசை நீளம். வண்டிக்கு நேரமாகிவிட்டது
என்று பாதியில் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் சென்னையிலிருந்து ஃபோன்.
ஆள் சேர்க்கை ஏன் இவ்வளவு மெதுவாக?
மலைக்காரர்களும் வேண்டும் என்றுதானே
உங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தோம்?

தேறாதவர் பட்டியல், பன்னிரண்டாவது வரி.
பெயர் எழுதக் கூடாது, முதலெழுத்து மட்டும்: தீ.
காரணம் என்கிற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
8.4 என்று எழுதினேன்.
மிச்சம் அதில் கொள்ளாததால்
இங்கே.